ஆறுமணிக்குருவியின் மேல் எனக்கிருந்த எரிச்சல்

தம்பி,

இந்தக் கடிதத்தை ஒரு கதிரையில் இருந்து ஆறுதலாகப் படி. போனில் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் போனில் நீ "ம், ம்" என்று சொல்லிக்கொண்டே வேறு வேலை பார்ப்பாய், எனக்குத் தெரியும். இன்னும் மூன்று கிழமையில் இந்தியாவின் வடக்கே மலையடிவாரத்துக்குப் போகிறாய், இரண்டு வருடம் குருவிகளுக்குப் பின்னால் அலைவதற்கு. இவ்வளவு காலமும் அவை போய் வருவதைப் பார்த்துக்கொண்டாவது இங்கே நின்றாய். இப்போது அவை புறப்படுகிற மாதத்திலேயே நீயும் புறப்படுகிறாய். போவதற்கு முன் உனக்குத் தெரியவேண்டிய ஒன்று இருக்கிறது. அதை நான் சொல்லாவிட்டால் உன்னுடைய நிரஞ்சனா மிஸ் சொல்லிவிடுவார். அவரிடம் ஒரு கிழமை தவணை கேட்டு வாங்கியிருக்கிறேன். என்னைப் பற்றி என் பிள்ளை அவர் வாயால் அறிவதை என்னால் தாங்க முடியாது. உன்னில் அவருக்கு ஏற்கெனவே போதுமான அளவு கிடைத்துவிட்டது. இதை வேறு யாராவது எடுத்துப் படித்தாலும் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கூட்டத்தில் எப்படியும் எழும்பிச் சொல்லத்தான் போகிறேன்.

எனக்குப் பொறாமை, தம்பி. சுற்றி வளைக்காமல் முதலே எழுதிவிடுகிறேன். எந்த நாளில் தொடங்கியது என்றும் சொல்வேன். மிஸ் முதன்முதலாக எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற வாய்க்கால் கரைக் காட்டைப் பார்க்க வந்த நாள் அது. கம்பசில் உனக்குப் படிப்பித்தவர், இப்போது உனக்கு வேலை கொடுத்தவர், நல்ல மனுசி என்று நீ சொல்லிச் சொல்லி என் காது நிறைந்திருந்தது. விடிய எழும்பிச் சமைத்தேன். உனக்குப் பிடிக்கும் என்று கத்தரிக்காய்ப் பால்கறி வைத்தேன். உன் சோற்றுக் கோப்பையில் அகப்பையால் போடப்போன போது அவர் சிரித்துக்கொண்டு, "அம்மா, இவருக்குக் கத்தரிக்காய் போடாதேங்கோ, தொண்டை கடிக்கும்" என்றார். நான் உன்னைப் பார்த்தேன். நீ கோப்பையைப் பார்த்தாய். இருபத்தாறு வருடமாக நான் வைத்த கத்தரிக்காய்க் கறியை எல்லாம் நீ வாய் பேசாமல் விழுங்கியிருக்கிறாய், அதை உன் மிஸ்ஸுக்குச் சொல்லியிருக்கிறாய், எனக்குச் சொல்லவில்லை. அன்று நான் அவருக்கு இரண்டாம் முறை சோறு போடும்போது சிரித்த முகத்தோடுதான் போட்டேன். உள்ளே பற்றி எரிந்தது. அவர் போன பிறகு அப்பா, "நல்ல பிள்ளை, வடிவாக் கதைக்கிறா" என்றார். அப்பாவோடு இரண்டு நாள் நான் கதைக்கவில்லை. ஏன் என்று அந்த மனுசனுக்கு இன்றைக்கும் தெரியாது.

மிஸ்ஸோடு மட்டும் நின்றிருந்தால் பெண்ணுக்குப் பெண் எரிச்சல் என்று நானே சிரித்து விட்டிருப்பேன். ஆனால் அது குருவியின் மேலும் போனது. ஆறுமணிக்குருவியை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஐப்பசியில் வரும், காலையும் மாலையும் ஆறு மணி போல இரண்டு சத்தமாகக் கத்தும், சருகைக் கிளறித் தின்னும், சித்திரைக்குள் போய்விடும். பச்சை முதுகு, நீலச் செட்டை, வாலடியில் குங்குமம் கொட்டினது போலச் சிவப்பு. அது கடல் கடந்து போகிறது என்றும், எங்கே போகிறது, எந்த வழியால் வருகிறது என்று தெரிந்தால்தான் எந்தெந்தக் காட்டை வெட்டாமல் விடவேண்டும் என்று சொல்லலாம் என்றும் நீதான் எனக்கு விளங்கப்படுத்தினாய். குசினி மேசையில் புளியங்கொட்டை அளவில் ஒரு மிசினை வைத்துக் காட்டினாய். "இது படம் எடுக்காது அம்மா, ஒருத்தரோடயும் கதைக்காது. வெளிச்சத்தையும் இருட்டையும் மட்டும் நேரத்தோட எழுதி வைக்கும். எந்த நேரம் விடிஞ்சது, எந்த நேரம் பொழுதுபட்டது எண்டு பார்த்தா குருவி எங்க நிண்டது எண்டு கணக்குப் போடலாம்" என்றாய். ஒரேயொரு தொல்லை, போன குருவி திரும்பி வந்து, அதைத் திரும்பப் பிடித்து, மிசினைக் கழற்றினால்தான் உள்ளே எழுதியிருப்பதைப் படிக்க முடியும் என்றாய்.

அந்தத் தைமாதம் நீங்கள் காட்டுக்குள் வலை கட்டிய கிழமைதான் எனக்குக் கண் ஒப்பரேசன். நீ நின்றது எங்கள் வீட்டுப் பின்வேலிக்கு அப்பால். நான் கிடந்தது சைக்கிளில் அரை மணி நேரத்தில் வரக்கூடிய ஆஸ்பத்திரியில். "வலையை அடிக்கடி பார்க்காட்டிக் குருவி செத்துப்போம் அம்மா" என்றாய். நியாயம்தான். செத்துப்போகக் கூடிய நோய் வருத்தம் எனக்கு இல்லை. அடுத்த நாள் பின்னேரம் கண்ணில் கட்டோடு நான் படுத்திருக்க, வந்து ஐந்து நிமிடம் கட்டில் விளிம்பில் இருந்தாய். அந்த ஐந்து நிமிடமும் நீ சொன்னது, பிடித்த குருவியின் நிறையும், அதன் தொடையைச் சுற்றி நாடா கட்டி முதுகில் மிசினை வைத்த விதமும், காலில் வளையம் போட்ட விதமும்தான். அது இரவில் எந்த நாட்டில் நித்திரை கொள்கிறது என்று அறிய என் பிள்ளைக்கு இவ்வளவு ஆசை. நான் எப்படி நித்திரை கொண்டேன் என்று கேட்க மறந்துவிட்டாய். கட்டுப் போட்ட கண்ணால் அழக்கூடாது என்று நேர்ஸ் சொல்லியிருந்தார், அதனால் அழவில்லை.

பிறகு அந்தக் கூட்டம் வந்தது. வாய்க்கால் கரைக் காட்டை வெட்டி அறுவடை மிசின் போகப் பாதை போடவேண்டும் என்று கமக்காரர் எல்லோரும் ஒரே பிடியாக நின்றார்கள். அதிலும் பிழையில்லை, மழை பெய்தால் மிசின் புதைகிறது. நீ எழும்பிக் குருவிக் கதையைச் சொன்னாய். வாய்க்கால் முடிவில் வயல் செய்கிற செல்லத்துரை அண்ணைதான் தீர்த்து வைத்தார். "நாங்களும் எல்லாத்தையும் விட்டிட்டு ஓடித் திரும்பி வந்த ஆக்கள்தானே. அந்தக் குருவியும் போய், விட்ட இடத்துக்கே திரும்பி வந்தா, அதுக்கும் இஞ்ச ஒரு காணி இருக்கெண்டுதான் அர்த்தம். வந்தா காட்டை விடுவம். வராட்டிப் பாதையை வெட்டுவம்" என்றார். சனம் சிரித்தது, ஆனால் கை உயர்த்தி ஒத்துக்கொண்டது. அதன் பிறகு சித்திரையிலிருந்து ஐப்பசி வரை நீ இருந்த இருப்பை நான் பார்த்தேன். இயக்கமும் ஆமியும் சண்டை பிடித்த நாட்களில் உன் அப்பா வயலுக்குப் போய்ப் பிந்தினால் நான் வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பேனே, அந்த இருப்பு. ஒரு குருவிக்காக.

அது வந்தது, தம்பி. என்னிடம்தான் வந்தது. ஐப்பசி முதற்கிழமை, அப்பா வயலில். குசினிக்குள் ஏதோ பொத்தென்று விழுந்தது. பார்த்தால் அம்மிக்குப் பக்கத்தில், செட்டையை விரித்தபடி, களைத்து, கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டு ஆறுமணிக்குருவி. கடல் தாண்டி வருகிற களைப்பில் அவை சிலவேளை வீட்டுக்குள் விழும் என்று நீ சொல்லியிருக்கிறாய். கையில் எடுத்தேன். அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது. முதுகுச் சிறகுக்குள்ளிருந்து அந்தப் புளியங்கொட்டை எட்டிப் பார்த்தது, காலில் வளையம் இருந்தது. ஒரு கையில் குருவியோடு மற்றக் கையால் உடனே உனக்குப் போன் எடுத்தேன். அது உண்மை, அதை நீ நம்பவேண்டும். நீ மன்னார்க் கரையில் மிஸ்ஸோடு குருவிகள் வந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாய். பதினொரு நாளாக நீ என்னோடு கதைத்திருக்கவில்லை. "அம்மா, இப்ப கடற்கரையில நிக்கிறம். ஏதும் அவசரமோ?" என்று கேட்டாய். பின்னால் அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. குருவி வந்திட்டுது என்ற இரண்டு சொல்லைச் சொன்னால் நீ அந்த நிமிடமே புறப்படுவாய் என்று எனக்குத் தெரியும். என் கண் ஒப்பரேசனுக்கு வராத நீ இதற்கு வருவாய். "இல்லை, சும்மாதான் எடுத்தனான்" என்றேன். "சரியம்மா, பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டாய்.

தையல் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தேன். நாடாவை இரண்டு இடத்தில் வெட்டினேன். குருவிக்குத் தண்ணீர் காட்டி, நிழலில் வைத்து, அது தெளிந்து காட்டுக்குள் பறந்து போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். மிசினைக் கைலேஞ்சித் துணியில் சுற்றி அலுமாரியின் மேல்தட்டில் வைத்துப் பூட்டினேன். ஒரு நாள் உன்னை அலையவிட்டுப் பிறகு தரலாம் என்று நினைத்தேனா, ஒரேயடியாகத் தரக்கூடாது என்று நினைத்தேனா என்று இப்போது கேட்டால் எனக்கே தெரியவில்லை. நீ தேடுகிற ஒன்று என் கையில் இருக்கிறது என்பது மட்டும் அந்த நேரம் எனக்குப் போதுமாக இருந்தது.

நாலு நாள் கழித்து அப்பா பின்வேலிக்கு அருகே சருகு கிளறுகிற குருவியைக் கண்டார். காலில் வளையம் மின்னுகிறது, முதுகில் ஒன்றுமில்லை. மனுசன் சந்தோசத்தில் உனக்குப் போன் எடுத்துவிட்டார். நீ அன்றே வந்தாய். முற்றத்தில் பையை விழுத்திவிட்டு உள்ளே ஓடிவந்து, "அம்மா, நீங்கள் ஏதும் கண்டனீங்களோ?" என்று கேட்டாய். உன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு உண்மையிலேயே பயம் பிடித்தது. வாயில் வந்ததைச் சொன்னேன். குசினிக்குள் விழுந்தது, முதுகில் வயரும் மிசினுமாகக் கண்டேன், அந்தக் காலத்து ஞாபகம் வந்துவிட்டது, வெடிக்கிற சாமானோ என்று நினைத்து வெட்டி அடுப்பில் போட்டுவிட்டேன் என்றேன். ஏசுவாய் என்று இருந்தேன். நீ என் இரண்டு கையையும் பிடித்து, "பரவாயில்லை அம்மா, என்ர பிழை. நான் உங்களுக்கு வடிவா விளங்கப்படுத்தியிருக்க வேணும்" என்றாய். அதன் பிறகு மூன்று நாள் வீட்டில் நின்றாய். காலையில் வலை கட்டினாய், குருவி ஒருமுறைகூட விழவில்லை. பின்னேரம் என்னோடு குசினியில் இருந்து தேங்காய் துருவினாய். என் கண்ணைப் பற்றிக் கேட்டாய். ஒரு வருடத்தில் எனக்குக் கிடைக்காதது எல்லாம் ஒரு பொய்யில் கிடைத்தது. அந்த மூன்று நாளுக்காகத்தான் அந்தப் பொய்யை நான் திருப்பி எடுக்கவில்லை.

கார்த்திகைக் கூட்டத்தில் நீ தோற்றாய். வளையத்தைத் தூரத்தில் கண்டதும், நான் எரித்ததாகச் சொன்ன மிசினும் சாட்சி ஆகாது, வேறு இடங்களிலும் வளையமும் மிசினும் போடுவார்களாம் என்று யாரோ சொன்னார்கள். மிசினில் நம்பர் இருந்தது, அதுதான் குருவியின் காணி உறுதிப்பத்திரம். அது அலுமாரிக்குள் இருந்தது. செல்லத்துரை அண்ணை, "அப்ப வரேல்லை எண்டுதான் எடுக்க வேணும்" என்று மெதுவாகச் சொன்னார். மழை விட்டதும் மண் வெட்டுகிற பெக்கோ மிசின் வந்து கிழக்குப் பாதியை இரண்டு நாளில் வழித்துவிட்டது. பாலையும் வீரையும் வேரோடு கிடந்ததை நீ வந்து பார்க்கவில்லை. நான் பார்த்தேன். மேற்குப் பாதி அறுவடை முடிந்த பிறகு வெட்டுவதாக இருக்கிறது.

அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. திறக்க வைத்தது நீதான். கொழும்பில் நீ பேசிய பேச்சின் வீடியோவைப் பக்கத்து வீட்டு மேரி அக்கா போனில் கொண்டுவந்து காட்டினா. மேடையில் நின்று, "என்ர அம்மா போரைக் கண்டவ. ஒரு வயரைக் கண்டாலே நடுங்குவா. சனத்தின்ர பயத்தை விளங்கிக்கொள்ளாமல் நாங்கள் ஒரு குருவியையும் காப்பாற்ற ஏலாது" என்று சொன்னாய். முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். மேரி அக்காவும் துடைத்தா. எனக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம் போல இருந்தது. தம்பி, கரண்ட் இல்லாத அந்த வருடங்களில் சைக்கிளைக் கவிட்டு வைத்து, டைனமோவில் வயர் இழுத்து, பெடலைச் சுற்றிச் சுற்றி இந்த வட்டாரத்துக்கே ரேடியோச் செய்தி கேட்க வைத்தது யார் என்று நினைக்கிறாய்? அப்பா பெடலைத்தான் சுற்றினார். வயர் கொழுவினது நான். எந்த வயர் எதற்கு என்று எனக்குத் தெரியும். நான் வயருக்குப் பயந்தவள் இல்லை. உண்மையிலேயே பயந்தவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். செல்லத்துரை அண்ணையின் மனுசி இன்றைக்கும் நிலத்தில் கிடக்கிற கம்பியைக் கண்டால் சுற்றிப் போகிறா. அவர்களுடைய பயத்தைக் களவெடுத்து என் எரிச்சலுக்குப் போர்வையாகப் போர்த்தினேன். அதைத் தூக்கிக்கொண்டு போய் நீ மேடையில் வைத்தாய்.

அடுத்த நாள் காலை பஸ் ஏறிக் கிளிநொச்சியில் மிஸ் இருக்கிற வீட்டுக்குப் போனேன். உன்னிடம் வரத் தைரியம் இல்லை. அவரிடம் போவது எனக்குத் தண்டனையாக இருக்கட்டும் என்றும் நினைத்தேன். கைலேஞ்சியை மேசையில் விரித்து, நடந்ததை நடந்தபடி சொன்னேன். உங்கள்மேல் எனக்குப் பொறாமை என்றும் சொன்னேன். அவர் எனக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். பிறகு, "அம்மா, உங்கட மகன் என்னோட இருக்கிற நேரமெல்லாம் உங்கட கதைதான். சிலவேளை எனக்கே சலிக்கும்" என்றார். நம்பினேனா என்று கேட்காதே, இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். மிசினைத் துடைத்து ஒரு சின்னப் பெட்டியில் பொருத்திக் கம்பியூட்டரில் கொழுவினார். உள்ளே எல்லாம் அழியாமல் இருந்தது. எங்கள் குருவி போன வழியும் வந்த வழியும் வரைபடத்தில் கோடாக வந்தபோது அவர் வாயைப் பொத்திக்கொண்டார். மலையடிவாரம் வரை போயிருக்கிறது. திரும்பி வரும்போது இரண்டு இடத்தில் தங்கி, கடலைத் தாண்டி, நேரே எங்கள் பக்கம் வந்திருக்கிறது. நான் ஒருநாளும் போகாத ஊர்கள். அப்போதும் எனக்குக் கொஞ்சம் எரிந்தது, மறைக்கவில்லை.

அந்த மிசினையும் நம்பர் எழுதின கடதாசியையும் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு நானே கொண்டுபோகிறேன். குருவி வந்தது, விட்ட இடத்துக்கே வந்தது, சாட்சியை ஒளித்தவள் நான் என்று சொல்லப்போகிறேன். மேற்குப் பாதியை விடுவார்களோ தெரியாது. கிழக்குப் பாதி இனி வராது. அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், கேட்டுச் சரிவருகிற காரியம் இல்லை என்று தெரிந்துதான் கேட்கிறேன். இனி என்னைப் பற்றி மேடையில் சொல்வதானால் உள்ளதைச் சொல். நீயும் ஒருநாள் கலியாணம் கட்டுவாய், பிள்ளை பெறுவாய், உன்னிலும் இந்த எரிச்சல் வரும். என் இரத்தம்தானே உனக்கும் ஓடுகிறது. வந்தால் பொறாமை என்றே அதன் பெயரைச் சொல்லு. பயம், கவலை, பாசம் என்று வேறு பெயர் வைக்காதே. நல்ல பெயர் வைத்தால் எல்லோரும் தலையைத் தடவுவார்கள், பிறகு அந்தப் பொய்யைக் கீழே இறக்கி வைக்க முடியாது. அன்றைக்குப் போனில் நான் "அவசரம்" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நீ வந்திருப்பாய். எனக்காக வந்தாயா, குருவிக்காக வந்தாயா என்று பிரித்துப் பார்க்கிற புத்திதான் என்னைக் கெடுத்தது.

இன்னும் ஒன்று. மிஸ் அந்தக் கோடுகளை உனக்கு அனுப்புவார். கடைசிப் பகுதியில் நீ குழம்புவாய், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஐப்பசி முதற்கிழமையோடு மிசின் பகலைக் காணவில்லை, ஒரே இருட்டு. ஆனால் ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆறு மணி போல ஒரு பொட்டு வெளிச்சம் வந்து போகிறது. மிஸ் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். காட்டுக்குள் அது கத்தத் தொடங்கினதும் நான் லைட்டைப் போட்டு, அலுமாரியைத் திறந்து, கைலேஞ்சியை விரித்துப் பார்த்த நேரங்கள் அவை. அப்படி நான் பார்த்தது எல்லாவற்றையும் அது எழுதி வைத்திருக்கிறது. தொடக்கத்திலேயே ஒரு இடத்தில் மட்டும் பொட்டே இல்லாமல் முழு இருட்டாக இருந்தது. "இந்த மூண்டு நாளும் நீங்கள் திறக்கவே இல்லையே, அம்மா?" என்று கேட்டார். பிடிபடுவேன் என்ற பயத்தில் திறக்கவில்லை என்றுதான் அவர் நினைத்திருப்பார். நான் மறுத்துச் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன், அப்படி ஒரு சாமான் வீட்டில் இருக்கிறது என்பதே எனக்கு அப்போது மறந்துபோயிருந்தது. அந்த மூன்று நாளும் நீ வீட்டில் நின்றாய்.

அம்மா